தேங்காய்க்கு ஒரு சீற்

இண்டைக்கு மயிலிட்டி பஸ்ஸிலை நடந்தது.

முன் ரெண்டு சீற்றும் மதகுருமாருக்கு எண்டு எழுதியிருக்கும், தெரியும்தானே. ஒண்டிலை எங்கடை கோயில் ஐயர் இருந்தார். மற்றதிலை அவரின்ரை அர்ச்சனைச் சாமான் பை.

ஆஸ்பத்திரியடியிலை ஒரு அம்மா ஏறினா. சீனி வருத்தத்திலை விரல் எடுத்த கால், புதுக் கட்டு. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஒற்றைக் காலிலை நிண்டா.

கொண்டக்டர் பணிவாத்தான் கேட்டார்.

“ஐயா, உந்தப் பையைக் கீழை வைச்சால் அம்மா இருக்கலாம்.”

“சுவாமிக்குப் போற தேங்காய், தம்பி. கால் படுற இடத்திலை வைக்கேலாது.”

கொண்டக்டர் ரிக்கற் குடுக்கப் பின்னுக்குப் போயிட்டார். அம்மா கால் படுற அந்த இடத்திலையே மெல்லக் குந்தினா. “பரவாயில்லை ஐயா” எண்டும் சொன்னா.

போன வெள்ளிதான் இதே ஐயர், நோயாளிக்குச் செய்யிற உதவிதான் பெரிய பூசை எண்டு மைக்கிலை சொன்னவர். நாங்கள் எல்லாரும் தலையாட்டினனாங்கள்.

ஐயரே அசையேல்லை எண்டதும் பஸ்ஸிலை இருந்த எல்லாருக்கும் ஒரு நிம்மதி. ஒருத்தரும் எழும்பேல்லை.

அவரைத் திட்டி எழுதத்தான் போனை எடுத்தனான். நான் இருந்தது அவருக்கு நேர் பின் சீற். நான் இறங்கின சுன்னாகம் வரைக்கும் இருந்துதான் வந்தனான்.

இனித் திட்டுற ஆக்கள் திட்டலாம். ஆரை எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் திட்டுங்கோ.