கிழக்கே திரும்பிய ஐஸ் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்ணெய் என்னை ஏமாற்றிவிட்டது. ரொட்டிக்குத் தடவலாம் என்று கத்தியை வைத்தேன். அது வழிந்து ஓடியது!

மற்ற வீடுகளில் வெண்ணெய் வழிந்தால் அது செய்தியே இல்லை. பினாங்கு வெயிலில் எதுதான் வழியாது? ஆனால் எங்கள் வீட்டில் ஐஸ் பெட்டி இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடுகிற பெட்டி. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் சாமான்களை ஏலம் விட்டபோது, ஏதோ வேகத்தில் கையைத் தூக்கிவிட்டேன். வீட்டுக்காரர் மின்சாரம் இழுக்க விடமாட்டேன் என்கிறார். அதனால் எங்களுக்குச் சீமையெண்ணெய்தான் கதி.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் ஒரு விளக்கு, எப்போதும் நீலமாக எரிந்துகொண்டிருக்கும். கீழே நெருப்பு, மேலே ஐஸ்! அது எப்படி என்று தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுதிக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

கதவைத் திறந்து கையை விட்டேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு. ஐஸ் தட்டில் வெறும் தண்ணீர். அவசரமாக மேல் தட்டைத் தடவினேன்... வெண்ணெய்க்காக இல்லை.

மேல் தட்டில் நாலைந்து சின்னக் குப்பிகள் இருந்தன. பக்கத்து வீட்டு சூசை வாத்தியாரின் மருந்து. அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போட்டுக்கொண்டால்தான் அவருக்கு நடமாட்டம். அந்த மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் ஐஸ் பெட்டி உள்ள வீடு இது ஒன்றுதான். அடுத்த மருந்து வர அடுத்த கப்பல் வரவேண்டும்.

"என்னங்க, ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"பெட்டி செத்துப்போச்சு."

"நல்ல நாளும் அதுவுமா அப்படிச் சொல்லாதீங்க!"

நல்ல நாள்தான். முந்தின நாள் ஆயுத பூஜை, அன்றைக்கு விஜயதசமி. தையல் மெஷின், என் சைக்கிள், அரிவாள்மனை, ஐஸ் பெட்டி... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பெட்டியின் நெற்றியில் பெரிய பொட்டு. எங்கள் வீட்டிலேயே லட்சணமான முகம் அதற்குத்தான்.

சரி, வைத்தியம் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எண்ணெய் இருக்கிறதா? இருக்கிறது. சுடர் மஞ்சளாகப் புகைகிறதா? இல்லை, நீலம்தான். திரியைக் கத்தரித்தேன். மறுபடியும் நீலம். புகைபோக்கியில் கரி அடைத்திருக்குமோ? ஒரு கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுக் குடைந்தேன். கரி வந்தது, பாதி என் முகத்துக்கு. திருகாணியைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் ஸ்குரூ டிரைவர் சாமிக்கு முன்னால் இருக்கிறது!

"புனர்பூஜை முடியாம எடுக்கக் கூடாது," என்றாள் அவள்.

"அப்ப சீக்கிரம் முடியேன்!"

"குளிக்காம நீங்க கிட்ட வராதீங்க."

சொல்லுங்கள், இந்த நிலைமையில் எந்த மனுஷனுக்குத்தான் கோபம் வராது?

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். சூசை வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய், நற்கருணை வாங்கிக்கொண்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் பசியாறப் போவார். என் மனைவியை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவதால், நான் தானாகவே அவருக்கு மச்சான் ஆகிவிட்டேன்.

நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். எதற்கு நின்றேன்? மறைத்துவிடலாம் என்றா? கரி பூசிய முகத்தோடு!

"என்ன மச்சான், அடுப்புக்குள்ள விழுந்துட்டீங்களா?" என்றார்.

"பெட்டி குளிரல, வாத்தியாரே."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "எப்ப இருந்து?" என்று மட்டும் கேட்டார். ராத்திரியிலிருந்தாக இருக்கும் என்றேன். குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தொட்டேன். அதற்கும் மாலை! பூஜையாவது ஒன்றாவது என்று மாலையோடு மிதித்தேன். டாக்டர் வீட்டு வாசலில் ஒரு பத்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் பார்க்கவில்லை.

"கலங்காம இருந்தா இன்னிக்குப் போட்டுக்கலாம். ஆனா இந்தச் சூட்டுல வச்சிருந்தா அப்புறம் நான் பொறுப்பில்ல. ஐஸ் கட்டி மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சாலும் கெட்டுப்போகும்," என்றார்.

சூட்டிலும் கெடும், குளிரிலும் கெடும். இப்படி ஒரு மருந்தா?

பெட்டி ரிப்பேர் செய்கிற கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. பசாருக்குப் போனேன். மீன்கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கையை விரித்தார். "ஐஸ் ஹாபிஸ் லா!" தீர்ந்துவிட்டதாம். கெஞ்சிக் கூத்தாடி, மீன் கூடையின் அடியில் கிடந்ததை மரத்தூளோடு வாங்கி வந்தேன். வழியெல்லாம் அது என் முதுகில் சொட்டியது. வீடு வந்தபோது நான் நனைந்திருந்தேன், ஐஸ் பாதியாகியிருந்தது.

வாத்தியார் ஊசி போட்டுக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார். குப்பிகளைத் துணியில் சுற்றி, கிண்ணத்தில் வைத்து, கிண்ணத்தைச் சுற்றி ஐஸைப் போட்டோம். சாயங்காலம் வரை தாங்கும். அதற்குப் பிறகு? நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தேன்.

"உட்காருங்க மச்சான். நீங்க நடக்கிறதுலயே எனக்குச் சர்க்கரை ஏறுது," என்றார் வாத்தியார்.

என் மனைவி ஐஸ் தட்டை எடுத்துக் கழுவப் போனாள். போனவள் நின்றுவிட்டாள். கழற்றிய தட்டை மறுபடியும் உள்ளே வைத்து, செம்புத் தண்ணீரை ஊற்றிக் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க... தண்ணி ஒரு பக்கமா நிக்குது."

பார்த்தேன். ஒரு ஓரம் ததும்புகிறது, மறு ஓரம் நனையவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. ஏலத்தில் எடுத்த பெட்டியை வைத்துக் கொடுத்த ஆள், மட்டம் பார்த்துப் பார்த்துக் காலுக்கு அடியில் மரச் சில்லு சொருகினான். சாய்ந்தால் உள்ளே ஓட வேண்டியது ஓடாது, நின்றுவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னான். எங்கள் அடுப்படித் தரையோ, கழுவிவிடுகிற தண்ணீர் வடிய வேண்டும் என்று சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும்.

"சில்லு எங்கே?"

"எந்தச் சில்லு? பூஜைக்குக் கூட்டறப்ப ரெண்டு மூணு கட்டை கிடந்துச்சு. அடுப்புல போட்டேன்."

காலையிலிருந்து அதன் முன்னாலேயே கிடந்தும், பெட்டி திரும்பியிருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"பெட்டி தெற்கே பார்த்தில்ல இருந்துச்சு? கிழக்கே திருப்பினது யாரு?"

"நான்தான். பால்கார அண்ணன் ஒரு கை பிடிச்சாரு."

"அது என்ன கட்டிலா, மேசையா? இஷ்டத்துக்குத் திருப்ப! எதுக்குத் திருப்பினே?" கத்தியே விட்டேன். காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் அந்தக் கத்தலில் வந்தது.

அவள் வாத்தியாரைப் பார்த்தாள்.

"சொல்லும்மா," என்றார் அவர்.

"உள்ள விளக்கு எரியுதுல்ல... தெற்கே பார்த்து விளக்கு எரியக் கூடாதுண்ணே. அது எமன் திசை. எங்க வெண்ணெய் மட்டும் இருந்தா நான் கண்டுக்கமாட்டேன். உங்க மருந்து இருக்கு. தினம் அதைப் பார்க்கிறப்பல்லாம் மனசு கேக்கல. பூஜை நாளாச்சேன்னு திருப்பிட்டேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதாண்ணே..."

என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

வாத்தியார் எழுந்தார். "மச்சான், கட்டை இருக்கா?" என்றார்.

பழையபடி தெற்கே பார்க்கத் திருப்பிவிடலாம் என்று நான் பெட்டியைப் பிடித்தேன். அவர் என் கையை எடுத்துவிட்டார். "தங்கச்சி வச்ச இடத்துலயே இருக்கட்டும். மட்டம் மட்டும் பார்ப்போம்."

விறகுச் சிராயைச் சீவிச் சீவிச் சொருகினோம். தட்டுத் தண்ணீர் சமமாக நிற்கும்வரை ஒரு பக்கம் தூக்குவதும், மறுபக்கம் இறக்குவதுமாக இருந்தோம். அதன் பிறகு காத்திருந்தோம். நான் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். திறந்தால் இருக்கிற குளிரும் போய்விடும் என்று கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கூடத்துக்கு விரட்டினார்கள். அங்கேயும் என்னால் உட்கார முடியவில்லை. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாக என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கிண்ணத்து ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. வெயில் தாழ்ந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. ஓடினேன். பெட்டியின் உள்சுவரில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய ஐஸ் ஏடு. அவள் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் குப்பிகளைத் துடைத்து மேல் தட்டில் அடுக்கினேன்.

வாத்தியார் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். மாதா கோயிலுக்குப் போகிற மனுஷர், எமனையெல்லாம் நம்பாதவர். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"என் வீட்டுக்காரி போன பிறகு, எனக்காகத் திசை பார்க்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல, தங்கச்சி," என்றார்.

கிழக்கே பார்த்து வைத்தால் அடுப்படிக் கதவு பாதிதான் திறக்கிறது. தினமும் என் முழங்கை இடிபடுகிறது. இடிபட்டால் படட்டும்... திருப்பி வைக்க மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.