என் சொற்பொழிவு எழுதிய பட்டியல்

நல்லெண்ணெய்ப் பிசுக்கும் ஈரத்துணியின் நெடியும்... எண்பதுகளின் தொடக்கத்தில், திருநள்ளாற்றில் நான் எழுத்தராக இருந்த தங்கும் விடுதிக்குள் நுழைந்தாலே முதலில் மூக்கில் ஏறுவது அதுதான், நண்பர்களே.

பகலில் பதிவேடு. மாலையில் மேடை. சமூகவியல் நூல்களில் மூழ்கிக் கிடந்த பருவம். "வறுமையே குற்றத்தின் வேர். வேரை விட்டுவிட்டு இலையைத் தண்டிக்காதீர்!" என்று ஒருநாள் முழங்கினேன். முன்வரிசையில் என் முதலாளியும் கைதட்டினார்.

சனிப்பெயர்ச்சி நெருங்கியது. முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, சுமை தூக்குற ஆளுங்கள்ல அந்த வாய்க்காக்கரைத் தெருக்காரங்க பேர எழுதி வாசல்ல ஒட்டுங்க. கூட்டம் முடியிற வரைக்கும் உள்ள விட வேணாம்."

"ஏங்க? அவங்க ஒண்ணும் பண்ணலியே."

"நீங்கதான மேடையில சொன்னீங்க, இல்லாத கொடுமைதான் திருட வைக்குதுன்னு? நல்லாத்தான் சொன்னீங்க."

எழுதுகோலை எடுத்தேன். ஐந்து பெயர்களை அழகிய கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்.

மறுநாள் வீரையன் வந்து நின்றார். ஐவரில் ஒருவர். இரண்டரை ஆண்டுக்கொருமுறை வரும் அந்தக் கூட்டத்தின் கூலியை நம்பி மகளுக்குத் திருமணம் பேசியிருந்தார்.

"நான் என்னத்த எடுத்தேன், சொல்லுங்க."

"எதுவும் இல்லிங்க."

"அப்பறம் எதுக்கு எம்பேரு? அன்னைக்கு உங்களுக்கு மைக்செட்டு தூக்கியாந்தவன் நான். ஏழைக்காகப் பேசுறாருன்னு கூலிகூட வாங்கல. தெரிஞ்சிருந்தா கொளத்துல எறக்கி வச்சிருப்பேன்."

பெயர்ச்சியன்று விடுதி அறையொன்றில் ஒரு சங்கிலி காணாமற்போனது. ஐவரில் ஒருவரும் வாசலைத் தாண்டியிருக்கவில்லை. "அவனுங்கதான்" என்றார் முதலாளி. அறைச் சாவிகளெல்லாம் அவர் மைத்துனரிடம் இருந்தன. எனக்கு ஐயம் எழுந்தது. அந்தப் பெயரை எழுத மட்டும் கை எழவில்லை.

வீரையன் மகளின் திருமணம் தள்ளிப்போனதாகப் பின்னர் அறிந்தேன்.

எவரைக் குற்றவாளி என்பது என்று எழுதுகோல் வைத்திருப்பவனே முடிவு செய்கிறான் என்றொரு கோட்பாடும் உண்டு. அதையும் படித்திருந்தேன்... மேடைக்கு எடுபடாது என்று ஒதுக்கியிருந்தேன். கைதட்டல் பெறும் சொற்களின்மீது, குறிப்பாக என் சொற்களின்மீது, இன்றுவரை எனக்கு நம்பிக்கை இல்லை.

சென்ற மாதம் தருமபுரத்தில் எங்கள் குடியிருப்பில் கேமரா பொருத்தினார்கள். வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் நுழையும் பக்கவாசலுக்கு மட்டும்.

"முன்வாசலுக்கு?" என்று குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கேட்டேன்.

"அது நம்மாளுங்க வர்ற வழி சார்."

அன்று பெயரை எழுதியவன் யாரென்று வீரையனுக்குத் தெரிந்திருந்தது. எதிரே நின்று கேட்டார், நான் தலைகுனிந்தேன்.

இந்தப் பெண்கள் யார் எதிரே போய் நிற்பார்கள்?