கதவு இடித்த காயங்கள்

டீச்சர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். அவருடைய வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் அவர் கால் எப்போதும் தயாராக இருக்கும். வண்டியை விட்டு இறங்கி டீ குடிக்கும்போதுகூட மேஜைக்கடியில் அந்தக் கால் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். வாயும் அப்படித்தான். "கிளட்ச்சை மிதிங்க, மிதிங்க, பார்த்து, லாரி வருது, அவன் நிக்க மாட்டான், நீங்க நில்லுங்க" என்று ஓயவே ஓயாது. நாற்பதைத் தாண்டி ஸ்டியரிங் பிடிக்க வந்த என்னைப் போன்ற மருந்துக்கடைக்காரனுக்கு அந்தப் பேச்சுதான் தெம்பு.

காலை வகுப்பில் பின்சீட்டில் அவர் மகன் இருப்பான். இருபத்தாறு வயது, ஆறடி உயரம், ஆட்டிசம். போகிற வழியில் அவனைப் பகல் பராமரிப்பு மையத்தில் இறக்கிவிடுவோம். மாலை வரை அவன் அங்கே இருந்தால்தான் டீச்சருக்குப் பிழைப்பு. அவன் அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோவார்.

டீச்சர் உடம்பில் எப்போதும் எங்காவது ஒரு காயம் இருக்கும். கேட்டால் கதவு இடித்தது என்பார். அலமாரிக் கதவு, குளியலறைக் கதவு, கார்க் கதவு. "டீச்சர், பேசாம வீட்ல இருக்கிற கதவையெல்லாம் கழட்டி வித்துருங்க" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஒருநாள் கழுத்தில் நீளமாகக் கீறல். கதவுக்கு நகம் உண்டா என்று அவரிடம் ஓட்டக் கற்கிற எங்களில் எவனும் கேட்கவில்லை.

மையத்தில் ஒரு விதி. அடிக்கிறவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள். "வீட்ல எப்படி?" என்று பொறுப்பாளர் அம்மா தினமும் வாசலிலேயே கேட்பார். "தங்கமா இருந்தான்" என்பார் டீச்சர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பதில்தான். ஆனால் எனக்குக் கோபம் அந்த விதியின் மேல். உண்மையைச் சொன்னால் வெளியே போ என்கிறவர்களிடம் எந்தத் தாய் உண்மை பேசுவாள்?

அன்றைக்கு வழக்கமான சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டீச்சர் சொன்னபடி வேறு தெருவில் திருப்பினேன். பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது.

"ஒண்ணுமில்ல ராஜா, ரோட்டத் தோண்டியிருக்காங்கல்ல, அதான். இப்ப லெஃப்ட்டு, அப்புறம் ஒரு ரைட்டு, வந்துரும். அழகா உட்காரு. கையக் கடிக்காத. அம்மா சொல்றேன்ல?"

பதறுகிறவரைப் பேசிப் பேசி நிதானப்படுத்துவது அவர் தொழில். முனகல் ஏற ஏற இவர் பேச்சும் ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"நிறுத்தவா டீச்சர்?"

"வேணாம், நின்னா இன்னும் கஷ்டம், போங்க, போங்க..."

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் வாயில் அறைந்தது. இன்னொரு அறை. பிறகு முடியைப் பிடித்து இழுத்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டியை நிறுத்தியது டீச்சரின் கால்தான்.

உதடு கிழிந்து ரத்தம் வந்ததில் அவரால் பேச முடியவில்லை. வண்டிக்குள் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் பிடி தானாகத் தளர்ந்தது. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது.

மீதித் தூரத்தை டீச்சரே ஓட்டினார். மையத்து வாசலில் பொறுப்பாளர் நின்றிருந்தார்.

"உதட்டுல என்னங்க?"

"கார்க் கதவு இடிச்சிருச்சு."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க, கதவுதான்" என்றேன் நானும்.

"கதவு இல்ல."

மகன்தான். மறுபடி காதைப் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான். "அடிச்சேன். ரோடு தப்பு. அம்மா பேசுது, பேசுது, பேசுது."

டீச்சர் முகம் வெளிறிப்போனது. "இன்னிக்கு மட்டும்தாங்க, இனிமே மாட்டான், ரோடு வேற..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். வேலை போயிற்று, எல்லாம் போயிற்று, இனி எதை மறைப்பது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"நேத்தும் அடிச்சான். எனக்கு என் புள்ளையப் பார்த்தா பயமா இருக்கு" என்றார்.

பொறுப்பாளர், "தங்கம்னு நீங்க சொன்னா எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. மேல கேக்கல" என்றார். "எதுக்கு அடிக்கிறான்னு இப்ப அவனே சொல்லிட்டான். வச்சுக்குவேன்னு சத்தியம் பண்ண மாட்டேங்க. ஆனா உள்ள வாங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இவன்?"

"கூடவே வரட்டும். அவனப் பத்தித்தான பேசப்போறோம்."

டீச்சர் மகனைக் கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடாமல் கையை மட்டும் நீட்டினார். அவன் அதைப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் உள்ளே நடந்ததும் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, பின்னாலேயே போனான்.