தெரியாது என்று சொல்பவர்

பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'தத்துவம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் தத்துவம் படித்துவிட்டு, கடைசியில் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற வேலைக்கு வந்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பட்டப்பெயர் வைக்க நம்மவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

அந்த வேலையையாவது ஊரோடு ஒத்துப் பார்த்தாரா என்றால், அதுவும் ஒரு கூத்து. பஸ் எப்போது வரும் என்று கேட்டால் மற்றவர்கள், "இதோ, அஞ்சு நிமிஷத்துல" என்று வாய் கூசாமல் அடித்துவிடுவார்கள். இவர் கேட்பவரை நிதானமாகப் பார்த்து, "முந்தின ஸ்டாண்டுல இருந்து இன்னும் தகவல் வரலை. எனக்குத் தெரியாதுங்க" என்பார். தெரியாது என்று சொல்லத்தான் சம்பளமா என்று எரிந்து விழுந்தவர்கள் உண்டு. மேலதிகாரிக்கு எழுதிப் போட்டவர்களும் உண்டு. ஆனால் தினமும் வந்து போகிறவர்கள் வேறு ஜன்னலை எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஏழு பத்துக்கு வரும் என்று இவர் சொல்லிவிட்டால், நம்பிப் போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

"அத்தனை வருஷம் படிச்சு என்னத்தை மாப்பிள்ளை கிழிச்சீங்க?" என்று மனைவியின் அண்ணன் ஒருமுறை கேட்டார்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லப் பழகினேன்."

"அதை நான் படிக்காமலேயே சொல்வேனே" என்று அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"சும்மா இருண்ணா. இவர் ஒண்ணு சொன்னா அது அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

ஒரே மகளும் அதே படிப்பில் போய்ச் சேர்ந்தபோது மட்டும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு ஒரு தத்துவம் போதாதா?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள். பிறகு பெட்டி அடுக்கிக் கொடுத்ததும் அவள்தான். பல்கலைக்கழகம் பத்து மணி நேரப் பயணத்தில் இருந்தது.

மகளின் கடைசி வருடப் பரீட்சை தொடங்கிய வாரம், மனைவி ஆஸ்பத்திரியில் படுத்தாள். கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் இவரை வராந்தாவுக்கு அழைத்து, "நாலு நாள் தாங்கினா பெரிசு. பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். இவர் திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு? நான் எழுந்துடுவேனா?" என்று மனைவி கேட்டாள்.

பதில் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்த முகத்தைப் பார்த்தார். பாவி மனிதருக்கு நாக்குப் புரண்டுவிட்டது.

"எழுந்துடுவே. ரெண்டு வாரத்துல வீட்டுக்குப் போயிடலாம்."

யார்தான் சொல்லமாட்டார்கள்? வேறு எந்தப் புருஷன் சொல்லியிருந்தாலும், ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று மனைவி பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்டிருப்பாள். சொன்னது இவர் ஆயிற்றே. அவள் முழுசாக நம்பினாள். அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணியபோது இவர் அதே ஸ்டூலில்தான் இருந்தார்.

"நான் கிளம்பி வரட்டுமாம்மா?"

"எதுக்குடி? இன்னும் நாலு பரீட்சை இருக்கில்ல, முடிச்சிட்டு வா. ரெண்டு வாரத்துல வீடுன்னு உங்கப்பாவே சொல்லிட்டாரு."

"அப்பா சொன்னாரா? அப்படின்னா சரிம்மா."

மகளின் குரலில் இருந்த நிம்மதி இவர் காதிலும் விழுந்தது. போனை வாங்கிக்கொண்டு வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்களன்று மனைவி எழுந்து உட்கார்ந்து, தலை வாரிவிடச் சொன்னாள். வாரிவிட்டார். செவ்வாயும் நன்றாகத்தான் பேசினாள். புதன் மதியம் போய்விட்டாள்.

வியாழன் விடிந்ததும் மகள் வந்து சேர்ந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, சமையலறை வாசற்படியில் அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் எப்பப்பா சொன்னாரு?"

"ஞாயித்துக்கிழமை."

"நான் போன் பண்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாம்மா. காலையிலேயே."

கணக்குப் போட ஒன்றும் இல்லை. அன்றே பஸ் ஏறியிருந்தால் இரண்டு முழு நாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"அம்மாகிட்ட சொன்னது சரிப்பா. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே" என்றாள்.

பரீட்சை கெட்டுவிடும் என்று பயந்தேன் என அவர் சொல்லியிருக்கலாம். மகளும் ஏற்றுக்கொண்டிருப்பாள்.

"ரெண்டு வாரத்துல வீடுன்னு சொன்னதும் உங்கம்மா முகம் அப்படியே தெளிஞ்சிடுச்சும்மா" என்றார். "அதைப் பார்த்து, நானும் நம்பிட்டேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர்தான், "மீதி ரெண்டு பரீட்சையையும் எழுதிடும்மா" என்றார்.

"எதுக்குப்பா?" என்று மகள் கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பதில் கிடைத்தால் நாளைக்கே கிளம்பிவிடலாம் என்பதுபோல, அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.