மூன்று விரல் மடிப்பு

நான் செய்த ஜெபத்தைச் சாட்சியாக வெளியில் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கம். பக்கத்து வீட்டுத் திரேசாதான், "சொல்லுங்கோ அக்கா, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்" என்றாள்.

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த என் மனுசன் காய்ச்சலில் போனபிறகு, ஒரு கை மெசினை வைத்துச் சிறுபிள்ளைகளுக்குச் சட்டை தைக்கத் தொடங்கினேன். நெளிகிற பிள்ளைக்கு அளவெடுக்க எங்கள் தெருவில் யாருக்கும் பொறுமையில்லை. எனக்கும் இல்லைத்தான். ஆனால் என் மகள் ரீத்தாவுக்குச் சோறு வேண்டுமே.

1942 உயிர்த்த ஞாயிறுக்கு, யுத்தத் தட்டுப்பாட்டில் ஒரே நீலக் கட்டத் துணிதான் அகப்பட்டது. கோயிலுக்கு வந்த சிறுமிகள் எல்லாருக்கும் ஒரே சட்டை. வளரும் பிள்ளைகள் என்று கீழ்க்கரையை மூன்று விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைப்பேன். பிறகு அவிழ்த்து நீளமாக்கலாம். திரேசா தன் மூத்த மகள் பிலோமினாவுக்காக, "மடிப்பைத் தாராளமா விடுங்கோ அக்கா, ரெண்டு வருஷமாவது போடட்டும்" என்றாள். ரீத்தாவின் சட்டையில் மட்டும் மடிப்பில்லை. தையல்காரி பிள்ளைக்கு மிச்சத் துணிதானே.

அந்த ஞாயிறன்றே கொழும்பில் குண்டு விழுந்தது. திருகோணமலையும் காலியாகத் தொடங்கியது. வியாழக்கிழமை விடிய, இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த நல்ல சட்டையைப் போட்டு, எங்கள் தெரு அந்தோனியண்ணனின் மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்கு அனுப்பினோம். திரேசா கைக்குழந்தையோடு வீட்டில் நின்றாள். நான் வருஷப்பிறப்புத் தையலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். பேராசை, வேறென்ன.

கொஞ்ச நேரத்தில் விமானங்கள் வந்தன. துறைமுகம் வெடித்தது. கூரை ஓடு என் தலையில் விழுந்து இரத்தம் கண்ணை மூடியது. பிறகு சீனக்குடாப் பக்கம் வெடித்தது. வண்டி அந்த வழியால்தான் போகவேண்டும்.

ஓடினேன். கப்பல் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் காலையே கறுத்துப்போயிருந்தது. வழியில் கையறுந்த ஒரு மனிதர் தண்ணீர் கேட்டார். நான் நிற்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்டி வீதியில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. குடல் சரிந்த மாடு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நீலக் கட்டச் சட்டையோடு ஒரு பிள்ளை. முகம் இல்லை.

"ஆண்டவரே, என்ர பிள்ளையா இருக்கக் கூடாது."

கை தானாகப் போய்ச் சட்டைக் கரையைத் தடவியது. மூன்று விரல் மடிப்பு இருந்தது. "நன்றி ஆண்டவரே" என்று சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அது யார் பிள்ளை என்று உறைத்தது.

ரீத்தாவைக் காயத்தோடு அந்தோனியண்ணன் கப்பல்துறையில் ஒரு வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார். அவளுக்கு ஒரு காது இன்றுவரை கேட்காது.

ஆண்டவர் பிலோமினாவை எடுத்து ரீத்தாவைத் தந்தார் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகட்டும். என் சாட்சி இனித்தான். அதன்பிறகு மெசினைத் தொட எனக்கு ஏலாமல் போனது. திரேசாவின் முகத்தைப் பார்க்கவும் ஏலாது. "ஆண்டவரே, அவளை என் வாசலுக்குக் கொண்டுவாரும், அடிக்கவாவது வரட்டும்" என்று தினமும் மன்றாடினேன்.

ஆவணியில் ஒருநாள் வந்தாள், கைக்குழந்தையும் ஒரு துண்டுத் துணியுமாக. நான் வீதியில் நன்றி சொன்னதை மறைக்காமல் சொன்னேன்.

"நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்" என்றாள். பிறகு துணியை நீட்டினாள். "இந்தச் சின்னவளுக்கு ஒரு சட்டை வேணும். மடிப்பு விட்டுத் தாங்கோ அக்கா."

அன்றைக்குத்தான் மெசின் திரும்ப ஓடியது. இன்றைக்கு இரண்டு மெசின். மற்றதில் திரேசா இருக்கிறாள். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நோன்புப் பெருநாளுக்குத் துணி வருகிறது. நான் இப்போது என் பிள்ளைக்கென்று மட்டும் ஜெபிப்பதில்லை. தைக்கிற ஒவ்வொரு சட்டைக்குரிய பிள்ளையின் பெயரையும் சொல்லித்தான் மடிப்பைத் தைக்கிறேன். நீங்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சேர்த்துக் கேட்டுப்பாருங்கள். ஆண்டவர் கேட்கிறார்.

போன கிழமை சின்னவளின் சட்டை கட்டையாகிவிட்டது. திரேசா தன் கையாலேயே அந்த மடிப்பை அவிழ்த்தாள்.