முடிவுக்கும் அனுமதி கேட்டவள்

சீரியல் நாயகியை வைத்து நான் எழுதிய கதையைத் தொடரலாமா என்று இன்று ஒரு வாசகி மெசேஜில் கேட்டாள். கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். நம் ரசிகர் கூட்டத்தில் கேட்டுவிட்டு அடுத்தவர் கதையை எடுப்பவர்கள் அபூர்வம்.

“தாராளமா எழுதும்மா, என் பேரை மட்டும் போட்டுடு” என்றேன்.

உடனே கதை வந்தது. அதில் நாயகி கம்பெனி பஸ்ஸில், மஞ்சள் துப்பட்டாவோடு, “தாராளமா எழுதும்மா” என்று யாருக்கோ டைப் செய்கிறாள்.

என் துப்பட்டாவும் மஞ்சள்தான். திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் எல்லோரும் தூக்கம்.

மறுபடி மெசேஜ்: “அக்கா, முடிவை நீங்க எழுதின மாதிரியே வெச்சுக்கட்டுமா?”

என் கதையில் நாயகி சானமாவு காட்டில் பஸ்ஸை விட்டு இறங்குவாள். திரும்பவே மாட்டாள்.

யானை கடக்கிறதென்று சானமாவில்தான் இப்போது பஸ் நிற்கிறது.

இவ்வளவு மரியாதையாகக் கேட்பவளிடம் எப்படி மறுப்பது? சீக்கிரம் சொல்லுங்கள், டிரைவர் கதவைத் திறக்கிறார்.