பெர்னதெத் மிஸ்ஸும் வாசகம் வாசித்த பெண்ணும்

விவேக் நகரில் பெர்னதெத் மிஸ்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது, "மிஸ், நீங்க எந்த சப்ஜெக்ட்?" என்று கேட்டால், "எந்த சப்ஜெக்ட்டும் வராத பிள்ளைங்கதான் என் சப்ஜெக்ட்" என்பார். கேட்டவர்கள் பாவம் என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். பாவம் என்பது பிள்ளைகளையா, தன்னையா என்று அவர் விசாரித்ததில்லை.

அவர் இந்த வேலைக்கு வந்தது தெய்வ அழைத்தலால் அல்ல. பள்ளியில் தையலும் நீதிபோதனையும் எடுத்துக்கொண்டிருந்தார். நீதிபோதனை வகுப்பைக் கணக்கு மிஸ் வாரம் தவறாமல் கடன் கேட்டு எடுத்துக்கொள்வார், திருப்பித் தந்ததே இல்லை. இப்படியிருக்கையில், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்று தனி ஆசிரியர் இருந்தே ஆகவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரே ஆள் பெர்னதெத். அந்த அரிய தகுதியைத் தலைமையாசிரியர் டிரேவர் சார் உடனே கண்டுகொண்டார்.

டிப்ளமோ படித்துவிட்டு வந்தவருக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை கிடைத்தது. அதில் ஏற்கெனவே விளையாட்டு விழா மெத்தைகளும், ஓர் உடைந்த உலக உருண்டையும், என்றோ ஆண்டு விழாவுக்குச் செய்த தெர்மோகோல் யானையும் குடியிருந்தன. இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் யானை வெளியே போகும், வாசலில் கோலம் விழும், 'ரிசோர்ஸ் ரூம்' என்ற பலகை ஏறும். மறுநாள் பலகை இறங்கும், யானை திரும்பி வரும். யானையோடு பழகிப் பழகி, பெர்னதெத்துக்கு அது இல்லாத நாட்களில் பாடம் நடத்தவே ஓடாது.

டிரேவர் சாருக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை, நூறு சதவீதம். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று கேட்டை மறைத்து ஃபிளெக்ஸ் கட்டுவார். அந்த நூறு எப்படி வருகிறது என்பது ஊரறிந்த ரகசியம். ஒன்பதாம் வகுப்பு முடியும் சமயத்தில், தேறாது என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் காபி கொடுப்பார், பிறகு டி.சி. கொடுப்பார். ஃபெயிலாகக் கூடியவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் பாஸாகாமல் வேறு என்ன செய்வார்கள்? காபி மட்டும் நன்றாக இருக்கும் என்று டி.சி. வாங்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வருடக் காபி சோஃபியாவின் அம்மாவுக்கு என்று முடிவாகியிருந்தது.

சோஃபியா ஒன்பதாம் வகுப்பு. வாயைத் திறந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவள் விடைத்தாளைத் திறந்தால் உடனே மூடிவிடத் தோன்றும். காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கன்னட நாட்டில் இருந்துகொண்டு வீட்டில் தமிழ் பேசுவதால்தான் என்றார் கன்னட மிஸ். கன்னடத்தைப் போட்டுத் திணிப்பதால்தான் என்றார் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கும் இளைஞர். இரண்டும் சேர்ந்து இங்கிலீஷைக் கெடுத்துவிட்டன என்றார் இங்கிலீஷ் மிஸ். ஹிந்தி சார் மட்டும் யார் மேலும் பழி போடவில்லை, அவர் வகுப்பில் யாருக்குமே ஹிந்தி வராது. எந்த மொழியிலும் எழுத்து ஏறாத பிள்ளைக்கு மொழிதான் கோளாறா என்று கேட்க, இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெர்னதெத்துக்கே தற்செயலாகத்தான் பிடிபட்டது. பாடத்தை ஆளுக்கொரு பத்தியாக வரிசைப்படி வாசிக்கவைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். சோஃபியா தன் பத்தி எது என்று முன்கூட்டியே எண்ணிவைத்து, பக்கத்துப் பெண்ணைக் காதில் சொல்லச் சொல்லிக் கேட்டு, முறை வந்ததும் எழுந்து கணீரென்று ஒப்பித்துவிடுவாள். ஒருநாள் லீவில் போன ஆசிரியைக்குப் பதிலாக வந்த பெர்னதெத், வழக்கத்தை மறந்து கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார். சோஃபியாவுக்குத் திடீரென்று தலைவலி வந்துவிட்டது.

மறுநாள் அவளை யானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அர்த்தமே இல்லாமல் தானே கட்டிய சில சொற்களைத் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிக் காட்டினார். காதால் கேட்டேயிராத சொல்லை மனப்பாடத்தால் சமாளிக்க முடியாது. சோஃபியா தாளைப் பார்த்தாள், யானையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ்" என்றாள்.

சொல்லாமல் முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் முறையாகப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால், பரீட்சையில் கேள்வியை வாசித்துக் காட்டவும், அவள் சொல்வதை எழுதவும் ஆள் கிடைக்கும். நேரமும் கூடக் கிடைக்கும். பத்தாம் வகுப்பைச் சோஃபியா தாண்டிவிடுவாள். பரிசோதனைக்கு அம்மாவின் சம்மதம் வேண்டும், அதுவும் டிரேவர் சார் காபி கலக்குவதற்கு முன்னால் வேண்டும்.

அம்மா சுனிதாவுக்குச் சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டும் வேலை. கணவர் லாரி ஓட்டப் போனால் வீடு திரும்புவது எப்போது என்று லாரிக்குத்தான் தெரியும். பெர்னதெத் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன மிஸ் பேசறீங்க? கோயில்ல பூசையில பைபிள் வாசகம் வாசிக்கிற பொண்ணு அவ. மைக் முன்னாடி நின்னான்னா கடைசி பெஞ்சுல இருக்கவங்க கூடக் கண்ணைத் தொடைக்கிறாங்க. படிக்க வராதவ எப்படி வாசிப்பா?"

"அவ வாசிக்கல சுனிதா. எங்கேயோ கேட்டு ஒப்பிக்கிறா."

"உங்களுக்குச் சொல்லித்தரத் தெரியலன்னா, எம் பொண்ணுக்கு மூளை சரியில்லன்னு எழுதி வாங்கிடுவீங்களா? நாளைக்கு அந்தப் பேப்பரைப் பார்த்தா அவளை எவன் கட்டுவான்?"

"மூளை நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் இத்தனை வருசமா ஊரையே ஏமாத்தியிருக்கா."

இந்த இடத்தில் பெர்னதெத் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாக்கு அவருக்கு எப்போதும் ஒரு அடி முன்னால் நடக்கும். 'ஏமாத்தியிருக்கா' என்ற சொல்லோடு சுனிதா எழுந்து போய்விட்டாள், அதன் பிறகு தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரியில் தெருமுனைச் சிற்றாலயத்தில் செபஸ்தியார் திருவிழா வந்தது. டிரேவர் சார் சிறப்பு விருந்தினர், சால்வையோடு முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்தார். திருவிழாவை ஞாயிற்றுக்கிழமையில் வைத்ததால் அந்த ஞாயிறுக்குரிய வழக்கமான வாசகம் இல்லை, புனிதருக்கென்று தனி வாசகம். அதை அச்சடித்து வாசலிலேயே எல்லார் கையிலும் கொடுத்தார்கள். சுனிதா தாளை விரித்து, முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு, மகள் வாசிக்கும்போது கூடவே ஓட்டத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பின் பெஞ்சிலிருந்து பெர்னதெத் அந்த விரலையே பார்த்தார். வாசகம் மாறியது சோஃபியாவுக்குத் தெரியுமா?

தெரியாது. சோஃபியா பவ்யமாக ஏறி வந்து, புத்தகத்தின் மேல் கண்ணைத் தாழ்த்தி ஆரம்பித்தாள். போனில் கேட்டுப் படித்திருந்த வழக்கமான ஞாயிறு வாசகம். தாளில் வேதசாட்சிகள் பாடுபட்டுக்கொண்டிருக்க, சோஃபியாவின் குரலில் இறைவாக்கினர் யோனா நினிவே நகரத் தெருக்களில் நடந்துபோனார். எத்தனை அழகாக நடந்தார்! நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி முடித்தாள்.

"இறைவா உமக்கு நன்றி" என்றது கோயில் ஒரே குரலில்.

கையில் தாள் இல்லாத ஆள் இல்லை. சிலர் அதை நான்காக மடித்திருந்தார்கள், ஒருவர் பேரனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபாதர் ஒருமுறை புருவத்தைத் தூக்கினார். தேர், பேண்டு, பட்டாசு என்று அவருக்குத் தலைக்குமேல் வேலை, விட்டுவிட்டார். டிரேவர் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். சுனிதாவின் விரல் மட்டும் முதல் வரியிலேயே நின்றுபோயிருந்தது. அதைப் பார்க்கப் பெர்னதெத்துக்கு மனசு தாங்கவில்லை. தான் சொன்னது சரியென்று ஆனதில் அவருக்கு இம்மிகூடச் சந்தோஷம் இல்லை.

பூசை முடிந்து பிரியாணி வரிசையில் ஆளாளுக்கு வந்து சோஃபியாவின் கன்னத்தைக் கிள்ளினார்கள். சுனிதா அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்த் தாளை நீட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"தெரியலம்மா."

"எப்போலேருந்து?"

"சின்ன வயசுலேருந்து, புதுநன்மை வாங்கறதுக்கு முன்னாடியே. நான் வாசிச்சா நீ ரொம்ப சந்தோஷப்பட்டியேம்மா, அதான் சொல்லல."

சுனிதா தாளை மடித்துக்கொண்டாள். மகளின் தட்டையும் தானே வாங்கிக்கொண்டு நேராகப் பெர்னதெத்திடம் வந்தாள். "எங்க மிஸ் கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

அடுத்த மாதம் காபிக்கு அழைப்பு வந்தது. பெர்னதெத்தும் கூடப் போனார், தன் நாக்கைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டிரேவர் சார், பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கற்றல் குறைபாடும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. சுத்த சோம்பேறித்தனம். திருவிழால எவ்வளவு ப்யூட்டிஃபுல்லா வாசிச்சா! நானே காதால கேட்டேனே. பேசாம டி.சி. வாங்கிட்டு பிரைவேட்டா எழுதட்டும்."

"என்ன வாசிச்சா சார்?" என்றாள் சுனிதா.

"அதான்... செபஸ்தியார் பத்தி. அம்பு எல்லாம் பட்டு... ரொம்ப உருக்கமா."

"யோனா பத்தி சார். மாத்திச் சொல்லிட்டா. சரியான வாசகம் உங்க கையில இருந்த தாள்லயே இருந்துச்சு." சுனிதா அதோடு நிறுத்தவில்லை. "எம் பொண்ணுக்குப் படிக்க வராது சார். உங்களுக்கு வருமில்ல?"

டிரேவர் சார் தன் காபியைக் கலக்கினார், அதில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருந்தது. பிறகு கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "டெஸ்ட் முடிச்சிட்டு வாங்க. பத்தாவது இங்கயே எழுதட்டும்" என்றார்.

படிக்கட்டில் இறங்கும்போது சுனிதா பாதியிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டி.சி. போன நிம்மதி என்றுதான் பெர்னதெத் நினைத்தார்.

"மிஸ், விஷயம் வெளிய தெரிஞ்சா, கோயில்ல இனிமே அவளை வாசிக்க விடுவாங்களா?"

நாக்கு இந்த முறையும் முந்திக்கொண்டது. பெர்னதெத் அதைத் தடுக்கவில்லை.

"விடாம? அந்தக் கோயில்ல வாசகத்தைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆளு அவதானே, சுனிதா."